சிங்கப்பூர் – நியூயார்க் ஃப்ளைட் தூரம் 15,349ஆ 16,700ஆ? எது சரி?

தெம்பனிஸ்_குமார்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைய குடையுற சந்தேகம் இது. எங்கம்மா அடுத்த மாசம் அக்கா வீட்டுக்கு போறாங்க, சாங்கில ஏறினா நேரா நியூயார்க் ஜேஎஃப்கே, நடுவுல எங்கயும் இறங்காத ஃப்ளைட். சரி எவ்வளவு தூரம்னு பாப்போமேன்னு தேடினா தூரம் கணக்கு போடுற சைட் ஒண்ணு 15,340 கி.மீ.ங்குது, இன்னொண்ணு 15,349ங்குது. ஆனா 2018ல நியூவர்க்குக்கு இந்த ஃப்ளைட்ட திரும்ப ஆரம்பிச்சப்போ சிங்கப்பூர் ஏர்லைன்ஸே சொன்ன கணக்கு சுமார் 16,700. நியூவர்க்கும் ஜேஎஃப்கேயும் பக்கத்து பக்கத்து ஏர்போர்ட்டு தானே, அப்புறம் எப்படி 1,300 கி.மீ. இடிக்குது? சென்னைல இருந்து மும்பைக்கு ரோட்ல போற தூரம்ங்க அது.

இன்னொண்ணு. ட்ராக் பண்ற ஆப்ல கொஞ்ச நாளா பாத்துட்டு வரேன். இங்கருந்து போற ஃப்ளைட்டு ஜப்பான் பக்கமா ஏறி பசிபிக் மேல போகுது. அங்கருந்து வர்றது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பான்னு வருது, சில நாள் பசிபிக்லயே வருது. ஒரே ரெண்டு ஊருக்கு எப்படிங்க இத்தன வழி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரைபட_வாத்தியார்

தம்பி, ரெண்டு நம்பரும் சரிதான், ரெண்டும் வேற வேற விஷயத்த அளக்குது. முதல்ல சின்ன நம்பர முடிச்சுடுவோம்.

வீட்ல குளோப் கிடந்தா எடுங்க. ஒரு நூல எடுத்து ஒரு முனைய சிங்கப்பூர்ல வெச்சு, இன்னொரு முனைய நியூயார்க்ல வெச்சு, தொய்வில்லாம இழுத்து பிடிங்க. நூல் ஜப்பான் பக்கம் போகாது, லண்டன் பக்கமும் போகாது. சிங்கப்பூர்ல இருந்து நட்டுக்குத்தா வடக்க ஏறும், தாய்லாந்து, லாவோஸ், சீனாவுல சிச்சுவான் பக்கம், மங்கோலியா, சைபீரியா, அப்படியே ஆர்க்டிக் பெருங்கடல், வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள்ள உரசிட்டு அந்தாண்ட கனடா வழியா நியூயார்க்ல போய் இறங்கும். பூமி மேல ரெண்டு இடத்துக்கு நடுவுல இதுக்கு மேல சுருக்கு வழி கிடையாது, பாடப்புத்தகத்துல பெருவட்டத் தூரம்னு போட்டிருக்கும். சுவத்துல மாட்டுற தட்டை மேப்புல துருவம் ஒரு புள்ளியா இல்லாம மேல ஓரம் பூரா கோடா இழுபட்டுக் கிடக்கும், அதனால தான் இந்த வழி யார் கண்ணுக்கும் படுறதில்ல.

இந்த ஜோடில ஒரு விசேஷம், கால்குலேட்டர் கூட வேணாம், நோட்டுலயே போடலாம். ஜேஎஃப்கே 40.64 டிகிரி வடக்கு, அங்கருந்து துருவத்துக்கு 49.36 டிகிரி. சாங்கி 1.36 வடக்கு, துருவத்துக்கு 88.64. கூட்டினா 138. ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ., பெருக்கினா 15,345 சொச்சம் வரும். துருவத்துக்கு நேரா போய் நேரா இறங்கினா கூட உண்மையான சுருக்கு வழிய விட 5, 6 கி.மீ. தான் அதிகம். ஏன்னா ஜேஎஃப்கே 73.78 மேற்கு, சாங்கி 103.99 கிழக்கு, ரெண்டையும் கூட்டினா 177.77. இது 180ஆ இருந்திருந்தா ரெண்டு ஊரும் துருவத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நேர் எதிரா நின்னிருக்கும். வகுப்புல சொல்லிக்குடுக்க இத விட நல்ல கணக்கு எனக்கு கிடைச்சதே இல்ல.

மெக்கானிகல்_மச்சி

சூப்பர் சார். 15,340, 15,349 வித்தியாசத்த நான் சொல்லிடறேன். பூமிய 6,371 கி.மீ. ஆரம் உள்ள சரியான உருண்டைன்னு வெச்சு போட்டா 15,340 வரும். ஆனா பூமி நடுவுல கொஞ்சம் உப்பி இருக்கு, பூமத்திய ரேகைல ஆரம் 6,378, துருவத்துல 6,357. அந்த உப்பலையும் சேத்து போடற சைட்ல 15,349 வரும். அவ்ளோ தான் மேட்டர், அதுக்காக யாரும் சண்ட போட வேணாம் 😄

நியூவர்க் 15,344, ஜேஎஃப்கே 15,349. அந்த 5 கி.மீ.ல தான் "உலகத்துலயே நீளமான ஃப்ளைட்"ங்கற பட்டம் 2020 நவம்பர்ல நியூவர்க்கிட்ட இருந்து ஜேஎஃப்கேக்கு கை மாறிச்சு, ரெண்டையும் ஓட்டறது ஒரே கம்பெனி ஒரே மாடல் பிளேன்.

தெம்பனிஸ்_குமார்

வாத்தியாரய்யா நூல் வெச்சு பாத்துட்டேன், என் பையனோட குளோப்ல, அசந்துட்டேன். அப்போ அந்த வழியாவே போக வேண்டியது தானே? ஏன் ஜப்பான சுத்தி?

ஓப்ஸ்_நைட்ஷிஃப்ட்

நான் வளைகுடால ஒரு ஏர்லைன்ல ஓப்ஸ் கண்ட்ரோல்ல இருக்கேன், கம்பெனி பேர் வேணாம். தினம் ஃப்ளைட் பிளான் போடறது தான் பொழப்பு. குமார் பாஸ், நீங்க கேட்ட கேள்விக்கு பதில் எங்க பேப்பர்ல முதல் பக்கத்துலயே அச்சடிச்சு வரும். மூணு தூரம் இருக்கும் அதுல, எல்லாம் நாட்டிகல் மைல், ஒரு மைல் 1.852 கி.மீ. முதல்ல கிரேட் சர்க்கிள் டிஸ்டன்ஸ், வாத்தியார் நூல் வெச்சு அளந்தது. ரெண்டாவது கிரவுண்ட் டிஸ்டன்ஸ், நிஜமா அன்னிக்கு போட்ட ரூட்டு தரை மேல எவ்வளவு நீளம்ங்கறது. மூணாவது ஏர் டிஸ்டன்ஸ். இந்த மூணாவது தான் எங்களுக்கு முக்கியம், வெளிய யாரும் இத பத்தி பேசறதே இல்ல.

விமானம் பறக்கறது தரை மேல இல்ல, காத்துக்குள்ள. காத்தே நகந்துட்டு இருந்தா? ஏர்போர்ட்ல நகர்ற நடைபாதை போட்டிருப்பாங்கல்ல, அது மேல நடந்தா 100 மீட்டர் தாண்டறதுக்கு 60 மீட்டருக்கான நடை போதும். ஏர் டிஸ்டன்ஸ்ங்கறது நாம நிஜமா நடந்த நடை. ஃபியூயல் எரியறது அதுக்கு தான், மேப்புல இருக்கிற கி.மீ.க்கு இல்ல.

9ல இருந்து 12 கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கு பாத்து ஜெட் ஸ்ட்ரீம் ஓடும். குளிர்காலத்துல ஜப்பான் மேல மணிக்கு 300 கி.மீ. தாண்டி கூட அடிக்கும். கணக்கு போட்டு பாருங்க. பிளேன் வேகம் காத்துக்குள்ள 900ன்னு வெச்சுப்போம். 16,700 கி.மீ. ரூட்ல வழி பூரா சராசரியா 80 கி.மீ. வேகத்துல பின்னாடி இருந்து காத்து தள்ளினா, காத்தே இல்லாம 15,349 போறதுக்கு ஆகிற அதே நேரம், அதே ஃபியூயல் தான் ஆகும். 80க்கு மேல தள்ளினா சுத்து வழி தான் லாபம்.

அதனால தான் போறப்பவும் கிழக்க பாத்து பசிபிக் வழியா போவான், வர்றப்பவும் காத்து நல்லா இருந்தா கிழக்க பாத்து அட்லாண்டிக் வழியா வருவான். உங்கம்மா போயிட்டு வந்தாங்கன்னா ஒரு முழு உலகம் சுத்தி வந்த மாதிரி ஆகிடும், டிக்கெட்ல ரிட்டர்ன்னு தான் போட்டிருக்கும்.

மெக்கானிகல்_மச்சி

அண்ணா ஒரு நிமிஷம். டைம் டேபிள்ல 18 மணி 40, 50 நிமிஷம்னு போட்டிருக்கான். 16,700ஐ 18.75ஆல வகுத்தா மணிக்கு 890 தான் வருது. பின்காத்து 80 தள்ளினா 980 வரணுமே? காத்து எங்க போச்சு? சும்மா ஜெட் ஸ்ட்ரீம் ஜெட் ஸ்ட்ரீம்னு எல்லாரும் சொல்றாங்க, கணக்குல காணோமே.

ஓப்ஸ்_நைட்ஷிஃப்ட்

நல்ல கேள்வி தம்பி, வகுத்து பாக்கறவன் தான் எனக்கு பிடிக்கும்.

மூணு இடத்துல போயிருக்கு உன் காத்து. டைம் டேபிள்ல இருக்கிறது பிளாக் டைம், கேட்ல இருந்து பின்னால தள்றதுல ஆரம்பிச்சு அந்த ஊர்ல கேட்ல நிக்கற வரைக்கும். ஜேஎஃப்கேல ரன்வேக்கும் கேட்டுக்கும் நடுவுல பிளேன் வரிசைல நின்னே அரை மணி போற நாள் உண்டு, அது போக லேட் ஆகாம இருக்க கொஞ்சம் கூட்டியும் போட்டு வெச்சிருப்பாங்க. அடுத்தது, 16,700ங்கறது பிளானிங் நம்பர், எல்லா நாளும் அவ்வளவு தூரம் பறக்கணும்னு இல்ல, ரூட்டு தினம் மாறும். மூணாவது தான் முக்கியம், ஜெட் ஸ்ட்ரீம் வழி பூரா கிடையாது. சுமாரா 30 டிகிரில இருந்து 50, 60 டிகிரி வடக்குக்குள்ள தான் அதோட ஆட்டம். சிங்கப்பூர்ல இருந்து தைவான் தாண்டற வரைக்கும் பெருசா ஒண்ணும் தள்ளாது. அதனால சராசரி இறங்கிடும்.

அப்போ காத்து மட்டும் காரணம் இல்லன்னு உனக்கே புரிஞ்சிருக்கும். மிச்ச காரணம் கீழ இருக்கு. வாத்தியார் சொன்ன நூல் எங்க எங்க போகுதுன்னு பாரு. சைபீரியா. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து ஏகப்பட்ட ஏர்லைன்ஸ் ரஷ்யா மேல பறக்கறதில்ல, சிலருக்கு தடை, சிலர் தானா விலகிட்டாங்க. அப்புறம் சிச்சுவான் மேற்கு, திபெத் பீடபூமியோட விளிம்பு, நூல் போற வழி பக்கத்துலயே கோங்கா மலை 7,556 மீட்டர். கேபின்ல காத்தழுத்தம் போச்சுன்னா விமானம் உடனே 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கணும். அங்க எங்க இறங்கறது? முன்கூட்டியே தப்பிக்கிற வழி வரைஞ்சு வெச்சாதான் அந்த பக்கமே போக முடியும். சீனா உள்ள நெனச்ச இடத்துல நுழைஞ்சு நெனச்ச இடத்துல வெளிய வரவும் முடியாது, அவன் குடுத்த பாதை தான்.

துருவத்துக்கு மேலன்னா தனி லிஸ்ட் இருக்கு. பூமத்திய ரேகைக்கு மேல நிக்கற தகவல் சாட்டிலைட் 82 டிகிரி வடக்குக்கு மேல எட்டாது, பழைய எச்எஃப் ரேடியோவ நம்பணும், சூரியப் புயல் அடிச்சா அதுவும் படுத்துடும். அமெரிக்கால ஏத்தற ஜெட் ஏ ஃபியூயல் மைனஸ் 40ல உறைய ஆரம்பிக்கும், மத்த நாட்டு ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரைக்கும் தாங்கும், டேங்க்ல டெம்பரேச்சர் இறங்கிட்டே போச்சுன்னா கீழ இறங்கியோ வேகம் கூட்டியோ சமாளிக்கணும். முடியாத காரியம்லாம் இல்ல, துருவத்துக்கு மேல தினம் பறக்கறாங்க. செலவும் ரிஸ்க்கும் கூட்டி கழிச்சு பாத்து எது லாபமோ அதுல போறாங்க, அவ்வளவு தான்.

ஏவியேஷன்_ஆறுமுகம்

ஓப்ஸ் அண்ணன் சொல்றதுக்கு நம்ம ஊர்ல நடந்த உதாரணம் இருக்கு. ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சப்போ அட்லாண்டிக் வழியா போனாங்க. 2016 அக்டோபர்ல பசிபிக் வழிக்கு மாத்தினாங்க, தூரம் சுமார் 15,300 கி.மீ., பழைய வழிய விட 1,400 கி.மீ. கிட்ட கூட. ஆனா பதினாலரை மணி நேரத்துல போய் சேந்துட்டாங்க, பழைய வழிய விட ரெண்டு மணி நேரம் கம்மி. தூரத்த கூட்டி நேரத்த குறைச்ச கதை. திரும்பி வர்றப்பவும் பசிபிக்ல வந்தா அதே காத்து மூஞ்சில அடிக்கும், அதனால அப்போ திரும்பி வந்தது அட்லாண்டிக் வழி தான்.

அதே மாதிரி 2021 ஜனவரில சான் பிரான்சிஸ்கோ–பெங்களூர் முதல் ஃப்ளைட், காக்பிட்ல எல்லாருமே பெண் பைலட், கேப்டன் சோயா அகர்வால் தலைமைல வட துருவம் வழியா வந்தாங்க. அது பெருவட்டக் கணக்குல 14,000 கி.மீ. கிட்ட. துருவம் வழி வேலை செய்யற ஜோடிக்கு அது நல்ல உதாரணம்.

சாந்தி_ஜூரோங்

குமார், நீங்க எல்லாம் கி.மீ.லயே நிக்கறீங்க, அம்மா எப்படி 18 மணி நேரம் உக்காருவாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? நான் அதுல போயிருக்கேன், அதனால சொல்றேன்.

எகானமி கிளாஸே கிடையாது அதுல, பிரீமியம் எகானமி, பிசினஸ் ரெண்டு தான், அதனால சீட் கொஞ்சம் அகலம், ஆனா விலைய பாத்தா தூக்கம் போயிடும். அம்மாக்கு ஓர சீட் போடுங்க, ஜன்னல் சீட் வேணாம், ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கிறவர எழுப்பி எழுப்பி பாத்ரூம் போக கூச்சப்பட்டு தண்ணி குடிக்காமயே இருந்துடுவாங்க, எங்க மாமியார் அப்படித்தான் பண்ணாங்க, இறங்கறப்போ கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. சைவ சாப்பாடு முன்னாடியே புக் பண்ணுங்க. வீல்சேரும் சொல்லி வெச்சிடுங்க, ஜேஎஃப்கேல இமிகிரேஷன் வரிசை நீளம்.

ராத்திரி ஏறினேன், முன்னாடி ஸ்க்ரீன்ல மேப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முதல்ல மணிலா பேரு வரும், அப்புறம் தைபே, டோக்கியோ, அதுக்கப்புறம் ஊர் பேரே வராது, சும்மா நீலம், ரொம்ப நேரத்துக்கு அந்த குட்டி பிளேன் நகராத மாதிரியே இருக்கும். பாதி தூக்கத்துல கண்ண முழிச்சா ஆங்கரேஜ்னு ஒரு பேரு. ஜன்னல் மூடிய ஒரு விரல் அளவு தூக்கினவரு பக்கத்துல வெளிச்சம் சுளீர்னு வந்துச்சு, ஒரு பகல் சுருக்கமா வந்து போய் திரும்ப இருட்டிடுச்சு, இறங்கறப்போ விடியக்காலை. தேதிக்கோட தாண்டறதால அன்னிக்கு எந்த நாள்னே குழம்பிடும். மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா சிங்கப்பூர் டைம்லயே ஒரு வாட்ச் வெச்சுக்க சொல்லுங்க அம்மாவ.

தெம்பனிஸ்_குமார்

சாந்தி அக்கா ரொம்ப நன்றி, ஓர சீட் மாத்திட்டேன் இப்பவே. சைவமும் போட்டாச்சு.

எகானமியே இல்லாம ஏன் வெச்சிருக்கான்? பணம் பிடுங்கவா?

ஓப்ஸ்_நைட்ஷிஃப்ட்

பணமும் தான், ஆனா எடை தான் மூலம். அந்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (ரொம்ப தூரம் பறக்கறதுக்குன்னே செஞ்ச ரகம்) மாடல்ல 161 சீட் தான், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அதே கம்பெனியோட சாதாரண ஏ350 லாங் ஹால்ல 253 சீட். சாதாரண ஏ350ல 1,41,000 லிட்டர் பிடிக்கும், யூஎல்ஆர்ல 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 0.8 கிலோன்னு போட்டா 132 டன். டேக் ஆஃப்ல விமானம் மொத்தம் அதிகபட்சம் 280 டன். அதாவது ஓடுற எடைல கிட்டத்தட்ட பாதி ஃபியூயல். கடைசி மணி நேரத்துல எரிக்கப் போற ஃபியூயல முதல் 17 மணி நேரம் சுமந்துட்டு போகணும், அத சுமக்கறதுக்கே தனியா ஃபியூயல் எரியும். அதனால ஆளக் குறை, சரக்கக் குறை. முன்பக்க கார்கோ அறையவே பயன்படுத்தாம மூடி வெச்சிருக்கான்.

இத ஏற்கனவே ஒரு தடவ செஞ்சு கைய சுட்டுக்கிட்டாங்க. 2004 ஜூன்ல ஏ340-500ல நியூவர்க்குக்கு விட்டாங்க, நாலு எஞ்சின் வண்டி, குடிக்கிற குடி தாங்க முடியல. 2008ல மொத்தம் 100 பிசினஸ் சீட் மட்டும்னு மாத்தி பாத்தாங்க, அப்பவும் கட்டல, 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. ரெண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு தான் 2018 அக்டோபர்ல திரும்ப உயிர் வந்துச்சு. தூரம் மாறல, எஞ்சின் மாறிச்சு.

லண்டன்_கொத்து

நல்ல இழை, விடாம வாசிச்சுக்கொண்டு வாறன். சாந்தி அக்கா சொன்ன அந்த சுருக்கப் பகலைப் பாக்க எனக்கு எங்கட ஊர்க் கதை ஒண்டு ஞாபகம் வருது.

இரண்டாம் உலகப்போர் நேரம் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சாப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமான வான் வழி அறுந்து போச்சு. 1943ல ஆஸ்திரேலியாவின்ர குவாண்டாஸ் விமானக் கம்பனி பேர்த்தில இருந்து இலங்கையில காலிக்குப் பக்கத்தில இருக்கிற கொக்கலை வாவிக்கு கட்டலினா எண்ட கடல் விமானத்தை விட்டவை. தூரம் கிட்டத்தட்ட 5,650 கி.மீ. தான், இண்டைக்கு எண்டால் ஏழு எட்டு மணித்தியாலம். அப்ப 27ல இருந்து 33 மணித்தியாலம் எடுத்தது! எரிபொருள் ஏத்தினாப் பிறகு மூண்டு பயணிக்குத் தான் இடம், கொஞ்சம் கடிதம். ரேடியோ போடேலாது, எதிரி கேட்டிடுவான், நட்சத்திரத்தைப் பாத்துத் தான் வழி பிடிச்சவை. ஒரே பயணத்தில ரெண்டு தரம் சூரியன் உதிக்கிறதைப் பாப்பினம், அதால இரட்டைச் சூரியோதயம் எண்டு பேர், வந்த பயணிகளுக்கு சான்றிதழும் குடுத்தவை. 1945 வரைக்கும் 271 தரம் கடந்திருக்கினம்.

அதை நினைச்சுத் தான் சிட்னி–லண்டன் நேரடித் திட்டத்துக்கு ப்ராஜெக்ட் சன்ரைஸ் எண்டு பேர் வைச்சவை. பெருவட்டக் கணக்கில 17,016 கி.மீ. 2019 நவம்பர்ல ஐம்பது பேர் மட்டில ஏத்திக்கொண்டு லண்டன்ல இருந்து சிட்னிக்கு சோதனையாப் பறந்தது 17,800 கி.மீ., 19 மணி 19 நிமிசம். அது ஓடத் தொடங்கினா ஜேஎஃப்கேயின்ர பட்டம் போயிடும்.

இன்னும் ஒண்டு. ஓப்ஸ் அண்ணை காத்துக் கதை சொன்னவரல்லோ, 2005 நவம்பர்ல போயிங் 777-200எல்ஆர் ஹாங்காங்கில இருந்து லண்டனுக்கு வேணுமெண்டே கிழக்குப் பக்கமாப் போனது. நேர் வழி 9,600 கி.மீ. சொச்சம். அவங்கள் பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் சுத்தி 21,602 கி.மீ. நிக்காமல் பறந்து 22 மணி 42 நிமிசத்தில இறங்கினவங்கள். சாதனைக்காகத் தான், ஆனா காத்து இல்லாமல் அது சரிவந்திருக்காது.

லாச்சப்பல்_காரன்

பிளேன் பறக்கிற தூரம் ஒண்டு, கடதாசித் தூரம் ஒண்டு எண்டு எல்லாரும் சொல்லுறியள், கடதாசித் தூரத்தால காசு வரும் எண்டு நான் சொல்லுறன் கேளுங்கோ.

ஐரோப்பிய ஒன்றியத்தில 2004ல வந்த 261ம் இலக்கச் சட்டம் இருக்குது. விமானம் ரத்தானால், இல்லாட்டி நல்லாப் பிந்தினால் இழப்பீடு. 1,500 கி.மீ. வரைக்கும் 250 யூரோ, அதுக்கு மேல 3,500 வரைக்கும் 400, ஒன்றியத்துக்கு வெளியில 3,500 தாண்டினால் 600. அந்த கி.மீ. எப்பிடி அளக்கிறது? விமானம் சுத்தின சுத்தா, நூல் தூரமா? நூல் தூரம் எண்டு சட்டத்திலயே கிடக்குது.

ரோமில இருந்து ஹம்பர்க்குக்கு பிரசல்ஸில மாறிப் போன சில பயணிகள் வழக்குப் போட்டவை. ரெண்டு விமானத் தூரத்தையும் கூட்டினா 1,656 கி.மீ., அப்ப 400 யூரோ. நேர் தூரம் 1,326, அப்ப 250. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 செப்டம்பர்ல தீர்ப்புச் சொன்னது: ஏறின இடத்துக்கும் கடைசியா இறங்கின இடத்துக்கும் நடுவில இருக்கிற பெருவட்டத் தூரம் தான் கணக்கு, நடுவில எங்க மாறினாலும் அக்கறை இல்லை. பயணிகளுக்கு 150 யூரோ போச்சு. வாத்தியாரின்ர நூலுக்கு நீதிமன்றமே சாட்சி.

எங்கட சனம் பாரிசில இருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போனால் எப்பிடிப் பாத்தாலும் 3,500 தாண்டும், அதால 600 தான், பயப்பிட வேண்டாம். ஆனா போர்டிங் பாஸை மட்டும் எறிஞ்சுபோடாதேங்கோ. எனக்கு ஒருக்கா பிந்தின இடத்தில ஒரு கம்பனி மாசக்கணக்கா இழுத்தடிச்சது, கடைசியா அந்தத் துண்டைக் காட்டித் தான் வாங்கினது.

வரைபட_வாத்தியார்

லாச்சப்பல் தம்பி, இது எனக்கு புதுசு, அருமை. பெருவட்டத்த வெச்சு கோர்ட்டுல வாதாடியிருக்காங்கன்னு பசங்ககிட்ட சொன்னா இனிமே தூங்காம கேப்பாங்க.

மெக்கானிகல் தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். சிங்கப்பூருக்கு நேர் எதிர் பக்கம் பூமில எது? அங்க போனா எவ்வளவு தூரம்?

மெக்கானிகல்_மச்சி

போட்டாச்சு சார். அட்சரேகைல வடக்க தெற்காக்கணும், தீர்க்கரேகைய 180ல இருந்து கழிச்சு கிழக்க மேற்காக்கணும். 1.36 தெற்கு, 76 மேற்கு. ஈக்வடார்ல அமேசான் காட்டுக்குள்ள விழுது. சுத்தளவுல பாதி, அதாவது 20,000 கி.மீ. சொச்சம் தான் பூமில யாரும் யாருக்கும் இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம். பக்கத்துல பெரிய ஏர்போர்ட்னா கீட்டோ, அங்கருந்து 300 கி.மீ. தள்ளி. அப்போ சாங்கி–கீட்டோ சுமார் 19,700.

ஓப்ஸ் அண்ணா, இந்த யூஎல்ஆர்ல போக முடியுமா?

ஓப்ஸ்_நைட்ஷிஃப்ட்

ஏர்பஸ் அதுக்கு சொல்ற ரேஞ்ச் 18,000 கி.மீ. அதுவே காத்து, கையிருப்பு ஃபியூயல் எல்லாம் பாத்தா முழுசா கிடைக்காது. அதோட கீட்டோ ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து 2,400 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்து மெலிசு, முழு டேங்க்கோட எழும்பறது நடக்காத காரியம். வேணும்னா இங்கருந்து போற பக்கத்த பத்தி கனவு காணலாம், திரும்பி வர்றத மறந்துடு.

ஆனா பிளான் போடறவனுக்கு அது ஜாலியான ரூட்டு. 19,700 ஒரு பக்கம், நேர் எதிர் பக்கமா சுத்தினா 20,300. எந்த திசைல கிளம்பினாலும் தூரம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், அப்போ மேப்ப தூக்கி போட்டுட்டு காத்து சார்ட்ட மட்டும் பாத்து வழி போடலாம். ஆப்பிரிக்கா பக்கமும் போகலாம், பசிபிக் பக்கமும் போகலாம், துருவம் வழியாவும் போகலாம்.

தினம் 150 பேரு சிங்கப்பூர்ல இருந்து கீட்டோ போகணுமே, அது தான் பிரச்சனை. அங்கருந்து ஏர் கார்கோல கிளம்பறது முக்கியமா ரோஜாப்பூ, அத ஏத்தலாம்னா முன்பக்க கார்கோ அறை மூடிக் கிடக்கு 😄